பெரிய கோயிலின் பொற்குடம்: கையேடும் கல்வெட்டும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளில் ஏதேனும் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். விமானத்தின் உச்சியில் இராசராசன் வைத்த பொன் வேய்ந்த குடத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும்; அதைச் சுற்றி நாலைந்து அடைமொழிகள் இருக்கும். எவ்வளவு பொன், எப்படி வேய்ந்தார்கள் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை இராது.

விடையோ கோயிற் சுவரிலேயே இருக்கிறது. இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் (கி.பி. 1010) கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம், அதற்குப் போர்த்த பொன் தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு என்கிறது கல்வெட்டு. செம்பையும் பொன்னையும் தனித்தனியே நிறுத்து எழுதியிருப்பதுதான் இதன் சிறப்பு.

இனி நாம் கணக்குப் போடலாம். பலம் சுமார் 35 கிராம், கழஞ்சு சுமார் 5 கிராம் எனக் கொண்டால், செம்பு 108 கிலோ. பொன் 14½ கிலோ. அடர்த்தியால் வகுத்தால் பருமன் முறையே 12,000, 750 கன சென்டிமீட்டர் வரும். ஆகவே குடத்தின் பரப்பு எதுவாயினும், பொன்னின் தடிப்பு செம்பின் தடிப்பில் ஏறத்தாழ 16இல் ஒரு பங்கு. செம்பு 4 மில்லிமீட்டர் என்றால் பொன் கால் மில்லிமீட்டர்!

பண்டைச் சீனர் வெண்கலப் பாத்திரங்களுக்குப் பொன்முலாம் பூசிய முறை வேறு. பொன்னைப் பாதரசத்துடன் கலந்து பூசிச் சூடேற்றுவார்கள். நச்சு ஆவியாகப் பாதரசம் வெளியேற, பொன் ஒட்டிக்கொள்ளும். அப்படலத்தின் தடிப்பு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. நம் குடத்துக்கு அம்முறையில் சில நூறு கிராம் பொன்னே போதும். தஞ்சையில் போர்த்தியது தகடுதான் என்ற கல்வெட்டின் சொல்லுக்கு அதன் நிறைக்கணக்கே சாட்சி.

கல்வெட்டிலும் குறை உண்டு. தகட்டைக் குடத்தோடு எவ்வாறு பொருத்தினார்கள் என்று அது சொல்லவில்லை. ஆனால் அது கொடைக் கணக்கு, தொழில்நூல் அன்று. கையேட்டுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இதில் என்ன வந்துவிட்டது என்கிறீர்களா? அளவில்லாத வியப்பு வதந்திக்கு இடம் கொடுக்கிறது. இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறிவிடும், அது அரிசியை இழுக்கும் என்று சொல்லி ஏமாற்றும் கூட்டங்கள் தமிழ்நாட்டில் உண்டு. இந்தப் பொய்யை நம்பிக் கலசங்களைத் திருடியவர்களும் உண்டு. செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான்கள்; இரிடியத்தில் 77. மின்னல் செம்பை உருக்கலாம், இரிடியமாக்க முடியாது. அரிசியை இழுக்கும் ஆற்றலும் இரிடியத்துக்கு இல்லை. நெல்லில் பிறந்து வளர்ந்த நம் காவிரிக்கரைக்காரர்களுமா இதை நம்புவது?

கையேடு எழுதுவோர் அடுத்த பதிப்பில் இரண்டு அடைமொழிகளை எடுத்துவிட்டு இந்த இரண்டு எண்களைச் சேர்க்கட்டும். இராசராசனின் பெருமை அதனால் குறையாது.