கைம்மாறு கருதாமையும் கைம்மாறு மறுத்தலும்

சாதாரணமான ஒரு வீடு. வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி, படுக்கையறை. அமெரிக்கப் புறநகர் எதிலும் காணக்கூடிய வீடு. அதனுள் நுழைகிறவர் கதவுகளைத் திறக்கிறார், சாவிகளைத் தேடுகிறார், எதிர்ப்படும் பூதங்களை வீழ்த்துகிறார், சிறிது நேரத்தில் வெளியேறியும் விடலாம். ஆயின் வெளியேறாமல் சற்றே திரும்பிப் பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று மாறியிருப்பது தெரிகிறது. முன்பு இருந்த கதவு இப்போது அங்கில்லை. பின்னணியில் ஒலித்த இசை மெல்லத் திரிகிறது. அறைகள் வீட்டின் அளவை மீறி நீள்கின்றன. ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு விமான நிலையம், ஒரு மழலையர் காப்பகம் எனத் தொடரும் அந்த அலைச்சல், பொறுமையுள்ளவரை இறுதியில் ஒரு கடற்கரையில் கொண்டுபோய் விடுகிறது.

'மைஹவுஸ்' என்னும் பெயருடன் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த கணினி விளையாட்டுக் களம் இது. ஆக்கியவர் வெட்ஜ் என்னும் புனைபெயருடையவர். நான் இதை ஆடியவன் அல்லன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஆட, அருகில் அமர்ந்து இரு மாலைப் பொழுதுகள் பார்த்தவன். ஒரு நாவலை முடித்தபின் ஏற்படும் கனம் நெஞ்சில் தங்கியது. "இதற்கு அவருக்கு என்ன கூலி கிடைத்தது?" என்று கேட்டேன். இளைஞர் சிரித்தார். "கூலியா, சாமி? ஆசைக்குச் செய்ததுதான்" என்றார். அந்தச் சிரிப்பிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

பழக்கமில்லாத வாசகருக்காகச் சில செய்திகளைச் சொல்லவேண்டும். 1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் என்னும் சிறு நிறுவனம் 'டூம்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் நிரலை எழுதிய ஜான் கார்மாக், விளையாட்டை இயக்கும் எஞ்சினை ஒரு பக்கமும், சுவர், தளம், ஓவியம், ஒலி ஆகியவற்றை 'வாட்' எனப்படும் தனிக் கோப்பில் மறுபக்கமும் பிரித்து வைத்தார். அச்சகத்தில் இயந்திரம் ஒன்றே. கோக்கும் எழுத்துகளை மாற்றினால் வேறு நூல் வெளிவருகிறது அல்லவா? அதுபோல எவரும் தம் சொந்தக் களத்தை வரைந்து அந்த எஞ்சினில் ஓட்ட வழி பிறந்தது. இத்தகைய களத்தை 'மேப்' என்றும், விளையாட்டையே மாற்றியமைக்கும் ஆக்கத்தை 'மோட்' என்றும் அழைப்பர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆர்வலர்கள் இவற்றைச் செய்து இலவசமாகப் பகிர்ந்துவருகின்றனர்.

துப்பாக்கியும் பூதமும் நிறைந்த விளையாட்டில் கலை எங்கே என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் 'மைஹவுஸ்' அந்தத் துப்பாக்கியைப் பெரும்பாலும் பயனற்றதாக்கி விடுகிறது என்பதே அதன் சிறப்பு. களம் வரையப் பழகுவோர் முதன்முதலில் தம் சொந்த வீட்டையே வரைந்து பார்ப்பது வழக்கம். கற்றுக்குட்டியின் பயிற்சி என்று மூத்தோர் நகைக்கும் அந்த எளிய வடிவத்தையே வெட்ஜ் தேர்ந்துகொண்டார். இறந்துபோன நண்பன் பழைய நெகிழ்வட்டில் விட்டுச்சென்ற களத்தைச் செப்பனிட்டதாக ஒரு முன்னுரையும் சேர்த்தார். அம்முன்னுரை புனைவின் ஒரு பகுதி என்பது போகப்போகத் தெரிகிறது. எனினும் அதிலுள்ள துயரம் பொய்யன்று. இழந்தவர் வாழ்ந்த வீட்டிற்கு நினைவில் மீண்டும் மீண்டும் செல்லும் மனத்திற்கு அறைகள் ஒவ்வொரு முறையும் மாறியே தோன்றும். சுட்டு வீழ்த்தத்தக்க பகை அங்கு இல்லை. பழக்கப்பட்ட விளையாட்டின் மொழியைக்கொண்டே அதனால் சொல்லமுடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது இப்படைப்பு.

குறையும் உண்டு. களத்துடன் இணைத்துத் தரப்பட்டுள்ள நாட்குறிப்பு, திகில் கதைகளில் நாம் பலமுறை கண்ட பாணியில் அச்சத்தை விளக்கிக்கொண்டே போகிறது. அறைகளின் மௌனம் உணர்த்தியதைச் சொற்கள் குறைத்துவிடுகின்றன. பிறர் உதவியின்றிக் கடற்கரையை அடைவது பெரும்பாலோருக்கு அரிது. புதிருக்குள் புதிர் வைக்கும் ஆர்வம் சில இடங்களில் துயரத்தை மறைக்கிறது. ஆயினும் உண்மையான கலைஞர் ஒருவரின் கைவண்ணம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி அந்த இளைஞரின் சிரிப்புக்கு வருவோம். இக்களத்திற்கு விலை இல்லை. இதை இயக்கும் இன்றைய எஞ்சினும் தன்னார்வலர்கள் வளர்த்ததே. ஆனால் இதை ஆட 1994இல் வெளியான 'டூம் 2' விளையாட்டின் கோப்பு தேவை; அதை விலைகொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஆக, ஒருவர் இலவசமாக உழைத்த உழைப்பு மற்றொருவரின் பண்டத்திற்கு ஆயுளைக் கூட்டுகிறது. இதனால் வெட்ஜ் ஏமாற்றப்பட்டார் எனச் சொல்ல நான் துணியமாட்டேன். அவர் விரும்பிக் கொடுத்தார். அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஆயினும் இதே நிலத்தில் விளைந்த வேறு கதைகளும் உள்ளன.

1999இல் மின் லே என்னும் கனடா நாட்டு மாணவரும் அவருடைய தோழர் ஒருவரும், வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை அடிப்படையாகக் கொண்டு 'கவுண்டர்-ஸ்டிரைக்' என்னும் மோடை உருவாக்கினர். அது பெற்ற வரவேற்பைக் கண்ட வால்வ், அடுத்த ஆண்டே உரிமையை வாங்கி, அவர்களையும் பணியில் அமர்த்தியது. நேரிய முறை எனலாம். எபிக் கேம்ஸ் நிறுவனம் வேறு வழியை நாடியது. என்விடியா நிறுவனத்துடன் சேர்ந்து, மொத்தம் 10 லட்சம் டாலர் மதிப்புள்ள பரிசுகளுடன் மோட் போட்டி ஒன்றை நடத்தியது. முதற்பரிசு பெற்ற 'ரெட் ஆர்கெஸ்ட்ரா' குழுவினர், பரிசாகக் கிடைத்த எஞ்சின் உரிமத்தைக்கொண்டு 2005இல் சொந்த நிறுவனம் தொடங்கி, 2006இல் தம் விளையாட்டை விற்பனைக்கும் கொணர்ந்தனர்.

போட்டி என்றால் வென்றவரைப் பற்றியே பேசுகிறோம். வெல்லாதோரும் உறக்கம் துறந்து உழைத்தவர்களே. கூலிக்கு ஆள் வைத்தால் எல்லாருக்கும் கூலி தரவேண்டும். போட்டி வைத்தால் சிலருக்குப் பரிசு தந்தால் போதும். தோற்றவர்களின் ஆக்கங்களும் அழிந்துபோவதில்லை. அவையும் அதே விளையாட்டின் கவர்ச்சியைப் பெருக்குகின்றன. போட்டியே தீது என்பதன்று என் கருத்து. 2010இல் வால்வ் 'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' விளையாட்டுக்கான பொருள்களை வடிவமைக்கும் போட்டியில் தேர்ந்த ஐவரின் ஆக்கங்களை விற்று, வருவாயில் 25 விழுக்காட்டை அவர்களுக்கு அளித்தது. முதல் இரு வாரங்களுக்கே ஒவ்வொருவருக்கும் 39,000 முதல் 47,000 டாலர் வரை சென்றது. முக்கால் பங்கு நிறுவனத்திற்கா என்ற வினா எழத்தான் செய்யும். எனினும், உழைத்தவருக்குப் பங்குண்டு என்பதாவது அங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது.

அந்த ஒப்புதலும் இல்லாத நிலை ஒன்றுண்டு. பிளிசார்ட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுடன் களம் வரையும் கருவியையும் தந்தது. அதில் ஆர்வலர் பலர் அடுத்தடுத்துக் கைவைத்து வளர்த்த 'டோட்டா' என்னும் களம், ஒரு புதிய விளையாட்டு வகைக்கே தாயாயிற்று. அதன் வழிவந்த விளையாட்டுகளால் பிற நிறுவனங்கள் பெருஞ்செல்வம் ஈட்டின. 'டோட்டா' என்ற பெயருக்காகப் பிளிசார்டும் வால்வும் வழக்காடி 2012இல் சமரசம் செய்துகொண்டன. பின்னர், 2020 ஜனவரியில் அவ்விளையாட்டின் புதுப்பதிப்பு வந்தபோது பிளிசார்ட் ஒரு விதியை அறிவித்தது: ஆர்வலர் ஆக்கும் களம் அனைத்தும் நிறுவனத்தின் தனிச்சொத்து, ஆக்கியவர் தமக்குரிய அறநெறி உரிமைகளையும், அதாவது 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், விட்டுவிட வேண்டும். நாளை எவரேனும் மற்றொரு 'டோட்டா'வை ஆக்கிவிட்டால் அது கைநழுவிவிடக்கூடாது என்ற கவலையே இவ்விதியில் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் சிந்திக்கத்தக்கது. 2015 ஏப்ரல் 23 அன்று, 'ஸ்கைரிம்' விளையாட்டின் மோட்களை ஆக்கியோர் விலைக்கு விற்கலாம் என்று வால்வும் பெதஸ்டாவும் அறிவித்தன. ஆக்கியவருக்கு 25 விழுக்காடு. அதற்கு எதிராக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நான்காம் நாளே திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் ஆடுபவர்கள். இலவசமாகப் பெற்றுவந்ததை இழக்க விரும்பாதவர்கள். ஆனால் ஆக்குவோர் சிலரும் அவர்களுடன் நின்றனர். பணம் நுழைந்தால் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து உதவும் உறவு கெட்டுவிடும் என்று அஞ்சினர். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன்.

அறிஞர்கள் இந்நிலைக்குப் பெயரும் சூட்டியுள்ளனர். ஜூலியன் கியூக்லிஷ் 2005இல் எழுதிய கட்டுரையில், விளையாட்டையும் உழைப்பையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை இணைத்து 'பிளேபர்' என்றார். தமிழில் 'ஆட்ட உழைப்பு' எனலாம். ஆடுகிறோம் என எண்ணி உழைப்பவருக்குத் தம் உழைப்பே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது இச்சொல் தரும் வெளிச்சம். ஆனால் இந்த ஆய்வு முறையில் எனக்கு ஒரு நிறைவின்மை உண்டு. எல்லாவற்றையும் உழைப்பாகவும் சுரண்டலாகவும் அளக்கும்போது, நண்பனின் நினைவுக்காக ஒருவர் எழுப்பிய வீட்டையும் பெறாத சம்பளக் கணக்கிலேயே எழுதவேண்டி வருகிறது. அன்பின் கொடை என ஒன்று உண்டு என்பதை நம் விசுவாசம் விட்டுக்கொடுக்காது. அப்படியாயின் கொடை எது, பறிப்பு எது எனப் பகுத்தறிவது எவ்வாறு?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் இவ்வினாவையே எதிர்கொள்கிறார். நற்செய்திப் பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை. கூடாரத் தொழில் செய்து உண்டார். ஆயினும் 'எனக்கு ஊதியம் வேண்டாம்' என்று அவர் தொடங்குவதில்லை. போர்வீரர், திராட்சைத் தோட்டம் இடுபவர், மந்தை மேய்ப்பவர், போரடிக்கும் மாடு, திருப்பீடத்தில் பணிசெய்வோர் என அடுக்கடுக்காகச் சான்று காட்டி, உழைப்பவருக்குப் பங்கு பெற உரிமை உண்டு என்பதை முதலில் ஐயமற நிறுவுகிறார். அதன் பின்னரே அவ்வுரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். இந்த வரிசை முறை கருதத்தக்கது. உரிமை ஒப்புக்கொள்ளப்பட்ட இடத்தில்தான் அதை விட்டுக்கொடுப்பது கொடையாகும். உரிமையே மறுக்கப்பட்ட இடத்தில் இலவசமாகத் தருவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. எடுத்துக்கொள்ளப்படுவது மட்டுமே உண்டு.

இந்த உரைகல்லில் வைத்துப் பார்த்தால், வெட்ஜின் வீடு கொடை. 2020இன் விதி பறிப்பு. இரண்டிலும் ஆக்கியவர் கையில் காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் முன்னவர் கை தானே திறந்த கை, பின்னவர் கை திறக்கப்பட்ட கை. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் நியாயமான ஊதியத்தை வலியுறுத்தியதும், 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உழைப்பின் மதிப்பை உழைக்கும் மனிதரிடத்திலேயே கண்டதும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. உழைப்பில் மனிதர் தம்மையே இடுகிறார். ஆகவே அவர் பெயரை அழிப்பது, கூலியைப் பிடித்து வைப்பதைவிடச் சிறிய அநீதி அன்று.

விடுதலைப் பயண நூலில் சந்திப்புக் கூடாரம் எழுந்த வரலாறு நினைவுக்கு வருகிறது. அதுவும் மனமுவந்த காணிக்கையால் எழுந்ததே. ஆயினும் அங்கு இரு செய்திகள் உள. பெட்சலேல், ஒகொலியாபு எனக் கைவினைஞரின் பெயர்கள் தந்தை பெயருடனும் குலத்துடனும் பொறிக்கப்பட்டுள்ளன. மக்கள் கொண்டுவந்தது தேவைக்கு மிஞ்சியபோது, 'போதும்' என மோசே பாளையமெங்கும் அறிவிக்கச் செய்தார். பெயரைச் சொல்வதும் போதும் என்பதும் கொடையைப் பெறுவோரின் கடமைகள். வணிக நிறுவனங்கள் இவ்விரண்டையும் அரிதாகவே செய்கின்றன.

நாம் செய்கிறோமா? எங்கள் பங்கின் வெள்ளி விழா மலருக்கு இளைஞர் ஒருவர் ஐந்து இரவுகள் கண்விழித்து அட்டை ஓவியம் வரைந்தார். மலரில் வாழ்த்துரைகள் இருந்தன. என் முன்னுரை இருந்தது. விளம்பரம் தந்த கடைகளின் பெயர்கள் இருந்தன. ஓவியரின் பெயர் இல்லை. மறந்தவன் நானே. பின்னர் வருந்திச் சொன்னபோது, "கோவிலுக்குத்தானே, சாமி, பரவாயில்லை" என்றார். எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. இன்று அந்த ஆறுதல் உறுத்துகிறது. 'கோவிலுக்குத்தானே' என்று அவர் சொன்னால் அது காணிக்கை. அதையே நான் சொல்லிக்கொண்டால் அது சாக்கு. பாடகர் குழு, மறைக்கல்வி ஆசிரியர், குடில் கட்டும் சிறுவர் என நம் பங்குகள் கூலியற்ற உழைப்பால் நிற்பவை. பிறரை அளந்த கோலால் நம்மையும் அளந்துகொள்ளவேண்டும்.

அந்த இளைஞரிடம் மீண்டும் ஒரு நாள் 'மைஹவுஸ்' வீட்டின் வாசலைக் காட்டச் சொன்னேன். விளக்கெரியும் வீடு. உள்ளே நுழைய எவரும் காசு கேட்கவில்லை. கட்டியவர் இன்னார் என்பது மட்டும் தெரிந்திருந்தது. விருந்தினராக நுழைய அது போதும்.