மூலமும் காவலும்: பணிசெயல் முறைமைகளின் எதிர்காலம்

மேசைக் கணினியை ஆளும் பணிசெயல் முறைமைகளுள் நிலைபெறுவது யாது என வினவின், விண்டோசே என்றும் ஆளும் என்பர் ஒருசாரார். விலையின்றிக் கிடைப்பதும் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதுமாகிய லினக்ஸ் தன் தகுதியாலேயே வெல்லும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஆராய்ச்சிக்கு நில்லா என்பதே நம் துணிபு.

முதற்கண் தகுதியை நோக்குவாம். 1983 இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இன்று அன்ட்ரொயிட் கைப்பேசிகள் அக்கருவின்மேல் இயங்குகின்றன. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறும் 2017 முதல் லினக்சிலேயே இயங்கி வருகின்றன. அத்துணை ஆற்றலுடையது மேசையில் மட்டும் சிறுபான்மையாய் நிற்றற்குத் தகுதிக் குறைவு காரணமாகாது.

விலையோ எனின், அதுவும் அன்று. 2011 இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசும் சிடாக் நிறுவனம் ஆக்கிய பொஸ் லினக்சும் அதில் ஒருங்கே இடம்பெற்றன. இரண்டும் விலையின்றிக் கைக்கு வந்தவிடத்து விலை தராசில் ஏறுவதில்லை, பழக்கமே ஏறுகின்றது. கேரளமோ வேறு வழி சென்றது. 2001 இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழினுட்பத் திட்டத்தின்கீழ்க் கட்டற்ற மென்பொருளைப் பாடநூலிலும் செய்முறைத் தேர்விலும் புகுத்தி, ஆசிரியர்க்கும் பயிற்சியளித்தது. ஆங்கு அது வேரூன்றியமைக்கு இதுவே காரணம்.

மூலம் திறந்திருத்தல் மட்டும் ஒரு நூலைக் காவாது என்பதைத் தமிழர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுக்க எவரும் உரிமச்சீட்டு வேண்டியதில்லை. ஆயினும் படியெடுப்பார் இன்மையாற் செல்லுக்கு இரையானவை எத்துணை! 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியமை, நூல் திறந்திருந்தமையால் மட்டும் நிகழ்ந்ததன்று. தேடித் தொகுத்துத் திருத்த ஒருவர் முன்வந்தமையால் நிகழ்ந்தது. மென்பொருட்கும் இதுவே விதி.

நம் நாட்டினர்க்கு அவ்வாற்றல் இல்லையோ எனின், உண்டு. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை இக்கீழைக்கரையைச் சூறையாடியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்தற்பொருட்டு இலங்கை மென்பொருளாளர் ஆக்கிய சகானா, திறந்த மூலத்ததாகலின் 2005 இல் பாக்கித்தானிய நிலநடுக்கத்திலும் பயன்பட்டது.

இனி எதிர்காலம். 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய 11, குறித்த பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் வேண்டுவதாகலின், பழுதற்ற பழைய கணினிகள் பல அதற்கு ஏலாதனவாயின. புதியன வாங்கும் வசதியற்ற கிராமப் பாடசாலைகட்கு அவற்றில் லினக்சை நிறுவுதல் நல்வழியே. ஆயின் நிறுவுதல் ஒருநாள் வேலை. பேணுதல் ஆண்டுமுழுதும் செய்யவேண்டிய வேலை. அச்சுப்பொறி இயங்காதபோது திருத்தவல்ல ஆசிரியரும், பிழையற்ற தமிழ் இடைமுகமும், அம்முறைமையை ஏற்கும் தேர்வும் இல்லையேல், அக்கணினிகள் மீண்டும் மூலையையே அடையும்.

ஆகலின் இப்போட்டி நிறுவனங்களிடையே முடிவாவதன்று, வகுப்பறையில் முடிவாவது. எதைக் கற்பிக்கின்றோமோ, எதைப் பேண ஆளை ஆக்குகின்றோமோ, அதுவே நாளை நம் மாணவர் மேசையில் நிலைபெறும்.