ஆறு பெட்டியா, இரண்டு பெட்டியா?

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கடைத்தெருக்களில் பணம் புழங்கும். போனஸாகச் சட்டப்படி சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு, கூடினால் 20 விழுக்காடு என்று தோட்டத் தொழிலாளர் கைக்கு வரும் பணம் அது. கடன், துணிமணி, பிள்ளைகளின் படிப்புச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கு பல வீடுகளில் 'ஃபைவ் பாயின்ட் ஒன் செட்டு' ஆகிவிடுகிறது. பெரும்பாலும் அது கம்பெனி செட்டு அல்ல. கோவையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ போர்டு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் எல்லாம் வரவழைத்து உள்ளூர் மெக்கானிக் போட்டுத் தருவது. முன்னால் இரண்டு பெட்டி, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, மேசைக்கடியில் ஒரு சப்-ஊஃபர்.

இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் மலையில் குடியிருந்து பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். செட்டின் ஆம்ப்ளிஃபயரில் 7294 ஐ.சி. எரிந்தால் பஜாரில் இருக்கிற மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றித் தருவார், சில நூறு ரூபாயில் வேலை முடியும். செட்டின் விலைக்கே வாங்கிய கம்பெனி சவுண்ட்பாரில் போர்டு போனால் அதைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு இறங்க வேண்டும். இறங்கினாலும் அந்த மாடலுக்கு போர்டு வருவதில்லை என்ற பதில் கிடைக்கலாம். தவணைக்குக் கொடுப்பதும் மெக்கானிக்தான். ஒன்றை மட்டும் சவுண்ட்பாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்: மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் அதன் பவர் சப்ளை சளைக்காது. டிரான்ஸ்பார்மர் செட்டு சத்தத்தைக் கூட்டியதும் கரகரக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே மெக்கானிக்கிடம் போவது சரி. அவரிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு.

முதல் கோளாறு வாட்ஸ். பெட்டியில் 5000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கூடவே பி.எம்.பி.ஓ. என்று சின்ன எழுத்து. ஒரு கண நேர உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிச் சொல்லும் கணக்கு அது. இதே ஏமாற்று அமெரிக்காவில் மலிந்தபோது, ஆம்ப்ளிஃபயரின் திறனை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1974-இலேயே விதி போட்டது. நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மர் எத்தனை ஆம்பியர் என்று கேட்டால் போதும். 12-0-12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 24-ஐ 3-ஆல் பெருக்க 72 வருகிறது. இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். மிஞ்சுகிற நாற்பது சொச்சம் வாட்ஸைத்தான் ஆறு பெட்டியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதில் பதற ஒன்றுமில்லை. ஒரு வாட்டில், ஒரு மீட்டரில் 87 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 10 வாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 91 டெசிபெல் கொடுக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதே சுமார் 60 டெசிபெல்தான்.

இரண்டாவது, ஆறு வழிச் சத்தம் என்கிற மயக்கம். 1996-இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியோடு வந்ததிலிருந்து அந்த மூன்றெழுத்து தமிழ்நாட்டில் டீக்கடை வரை இறங்கிவிட்டது. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்குள், அதாவது லைன் வீட்டுக்குள், எது வருகிறது? கேபிள் பெட்டியின் சிவப்பு வெள்ளை வயரில் வருவது இரண்டு சேனல். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் அதுவும் இரண்டுதான். செட்டுக்குள் இருக்கும் ப்ரோலாஜிக் போர்டு அந்த இரண்டையும் கூட்டி நடுப் பெட்டிக்கு அனுப்புகிறது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து பின் பெட்டிகளுக்கு அனுப்புகிறது. பின்னால் கேட்பது இயக்குநர் வைத்த சத்தமல்ல, கழித்தல் கணக்கின் மிச்சம். ஓ.டி.டி. படத்தை டிவியின் ஆப்டிகல் வழியாக டிகோடர் போர்டுக்குக் கொடுத்தால்தான் உண்மையான ஆறும் பிரியும். அப்படி இணைத்திருக்கும் வீடுகள் சொற்பம்.

இனி அறை. லைன் வீட்டின் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்வோம். பின் பெட்டிகள் கேட்பவரின் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால், 110 டிகிரி அளவில் இருக்க வேண்டும் என்பது டால்பியின் பரிந்துரை. இங்கே நாற்காலியே பின்சுவரில் சாய்ந்திருக்கிறது. பெட்டி காதோரத்தில் தொங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பேச்சில் வருகிறது. ஆறு பெட்டி வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் ஐந்திலும் மூன்றங்குல ஸ்பீக்கர்தான் போட முடியும். ஆண் குரலின் அடித்தளம் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை நிற்பது, அதை இந்தச் சின்னது சரியாகத் தராது. எனவே மெக்கானிக் சப்-ஊஃபரை 200 ஹெர்ட்ஸ் வரை தூக்கி விடுகிறார். விளைவு, வில்லன் மேசைக்கடியிலிருந்து உறுமுகிறான், வசனம் புரியவில்லை, சத்தத்தைக் கூட்டுகிறோம். பத்தடி அகல அறை 56 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே முழங்கும். தாழ்ந்த சத்தத்துக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. பக்கத்து வீட்டில் பாட்டு கேட்காது, 'தம் தம்' மட்டும் கேட்கும். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள்.

மலைக்கென்று தனிச் சங்கடங்களும் உண்டு. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, அதனால் ஒரே ஸ்பீக்கர் கடலோரத்தைவிட இரண்டு டெசிபெல் போலக் குறைவாகத்தான் கொடுக்கும். இது கணக்கில் வரும், காதில் வராது. மழைதான் விஷயம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மாவட்டம் இது. தகரக் கூரையில் ஆடி மழை விழும்போது எந்தப் பெட்டியும் தோற்கும், ஆனால் முதலில் தோற்பது மூன்றங்குலம். ஈரத்தில் ஃபோம் விளிம்பு சில வருடங்களில் பொடிந்து உதிர்கிறது, துகள் பலகை ஓரம் ஊதுகிறது, காகிதக் கூம்பில் பூஞ்சணம் படிகிறது. ரப்பர் விளிம்பும் பிளைவுட் பெட்டியும் கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆறு பெட்டிக்கு அது கட்டாது, இரண்டு பெட்டிக்குக் கட்டும்.

என் கணக்கு இதுதான்: அதே மெக்கானிக், அதே டிரான்ஸ்பார்மர், ஆனால் இரண்டே பெட்டி. ஐந்து அல்லது ஆறங்குல ஊஃபர், தனி ட்வீட்டர், நடுவில் ஒழுங்கான கிராஸ்ஓவர். வசனம் இரண்டு பக்கமும் சமமாக வருவதால் நடுவில் உட்கார்ந்தவருக்கு அது டிவியிலிருந்தே பேசுவதுபோல் இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்த பாட்டிக்கு அப்படி இருக்காது, நடுப் பெட்டிக்கு உள்ள ஒரே நியாயம் அது. பத்தடி அறையில் அந்த இழப்பு சின்னது. குடும்பம் பெரிது, கூடமும் பெரிது என்றால் மூன்றாவது பெட்டி நடுவில் வரட்டும், பின்னால் வேண்டாம். சப்-ஊஃபரைப் பிறகு சேர்க்கலாம், 80 ஹெர்ட்ஸுக்கு மேல் அதை ஏற்றாமல்.

மெக்கானிக்குக்கு இது பிடிக்காது. அவருடைய லாபம் உருப்படி எண்ணிக்கையில் இருக்கிறது. 'ரெண்டு பாக்ஸுக்கு யாருங்க தீபாவளிக்கு வருவாங்க' என்பார், அதிலும் பொய்யில்லை. பொருள் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் பேசி, கூலியில் குறைக்காமல் இருந்தால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. கிராஸ்ஓவரில் ஒரு கண்டென்சரை மட்டும் வைத்து மூடாமல் காயிலும் சேர்த்துக் கட்டச் சொல்லும்போதுதான், அவர் கை தெரிந்தவரா, பெட்டி எண்ணி விற்பவரா என்பது தெரியவரும்.