பின்னால் பார்த்து உட்கார்ந்தவன்

வண்டிப் பந்தயத்தை நேரில் பார்ப்பது பாதி ஏமாற்றம். ஒட்டப்பிடாரம் பக்கம் ஏதாவதொரு சாலையோரத்தில் விடியுமுன் போய் இடம்பிடித்து நிற்போம். சலங்கைச் சத்தம், புழுதி, நாலைந்து வண்டி, ஒரு கூச்சல். பத்து விநாடியில் எல்லாம் கடந்து போயிருக்கும். எல்கையைத் தொட்டுத் திரும்பி வருகிறவரை டீக்கடைதான் கதி. பெரிய மாட்டுக்குப் போக வர 10 மைல் வைப்பார்கள், சின்ன மாட்டுக்கு 6 மைல். அவ்வளவு தூரத்திலும் நடந்ததை முழுசாகப் பார்த்த மனிதன், சாரதியை விட்டால், ஒருவன்தான்: முன்னால் போகும் பைக்கில், ஓட்டுகிறவன் முதுகோடு முதுகு சாய்த்து, பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் பையன். கையில் ஒரு போன்.

எனக்கு மாட்டைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. அந்தப் பையன்களின் வீடியோக்களுக்குத்தான் நான் ரசிகன்.

இது பழைய தொழில் இல்லை. 2014 மே மாதத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தைத் தண்ணீர்பட்ட பாடாக்கியது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடி, சட்டம் திருத்தப்பட்டது. சாலைகளில் மறுபடி சலங்கை கேட்டபோது, ஊருக்கு ஊர் பையன்கள் கையில் கேமராவும் இருந்தது, பார்க்க உலகமும் இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாப் பந்தயத்தை மஸ்கட்டில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தபடி பார்க்கிற ஆள் இருக்கிறான் என்று அவர்களுக்குத்தான் முதலில் புரிந்தது.

நான் சொல்லும் பையன் பதினாறு வயதில், அக்காவின் பழைய போனில் ஆரம்பித்தவன். அவன் எடுத்ததை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று யோசித்தேன். முதலில், உயரம். மற்றவர்கள் போனைக் கண் மட்டத்தில் பிடிப்பார்கள்; மாடு சின்னதாகத் தெரியும். இவன் முழங்காலுக்கும் கீழே இறக்கிவிடுவான். மாட்டின் நெஞ்சு திரையை அடைத்துக்கொண்டு வரும், நுரை தெரியும், நுகத்தடி ஏறி இறங்குவது தெரியும். அடுத்தது வெளிச்சம். கிழக்கே உப்பளம் வெளுத்துக் கிடக்கிற சாலையில் போன் தானாகவே கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், மாடு கரிக்கட்டையாகிவிடும். இவன் புறப்படுமுன்பே மாட்டின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுவான். பின்னால் உப்புக்குவியல் வெள்ளையாக எரிந்து போனாலும் கவலையில்லை. மைக் ஓட்டையில் மெத்தைப் பஞ்சு, காற்று அடிக்காமலிருக்க. ஆட்டத்தைத் தாங்கும் கிம்பல் என்று ஒன்றும் கிடையாது, முழங்கைதான்.

சினிமாப் பாட்டைப் போடமாட்டான் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். காப்புரிமைப் புகார் வந்தால் வருமானம் பாட்டுக்காரனுக்குப் போய்விடும் என்பது அவன் சொல்லும் காரணம். காரணம் எதுவாக இருந்தால் என்ன? இரும்புப் பட்டை தார் ரோட்டில் அரைபடும் சத்தமும், சாரதி நாக்கைத் தட்டுவதும் நமக்குக் கிடைக்கிறது. மற்ற சேனல்களில் அந்த இடத்தில் ஒரு கதாநாயகன் பஞ்ச் வசனம் பேசிக்கொண்டிருப்பார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. இந்த பைக் கூட்டம் பந்தயத்துக்கே தொல்லைதான். முப்பது பைக் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியைச் சூழ்ந்தால் மாடு மிரளும், ஆள் விழுவான். இவனுடைய பைக்காரன், பெரியப்பா மகன், இருபதடி இடைவெளியை விட்டுக்கொடுப்பதே இல்லை. கலையில் பாதி அவனுடையது. பெயர் மட்டும் சேனலில் வராது.

ஒருநாள் குதிரை வண்டிப் பந்தயம் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு நிறுத்திக் காட்டினான். "பாருங்க அண்ணாச்சி, நாலு காலும் தரையில இல்ல." நாலு குளம்பும் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையோரம் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து உலகுக்குக் காட்டியது இதைத்தான். அதுவரை ஓவியர்கள் பாயும் குதிரைக்கு முன்கால் முன்னே, பின்கால் பின்னே என்று நீட்டியே வரைந்து வந்தார்கள். சினிமா பிறந்த கதையில் அந்தக் குதிரைக்கு ஓர் இடமுண்டு. தம்பிக்கு மைபிரிட்ஜைத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவனாகக் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும்.

இந்தக் கரையில் குதிரையை வைத்துப் பிழைப்பது புதிதுமல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் வந்த குதிரைக் கப்பல்கள் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலில் நின்றதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியர் வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை வருஷத்துக்குள் செத்துப்போயினவாம். லாடம் அடித்துப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல்!

தம்பியின் வியாபாரம் அவ்வளவு கொடூரமில்லை, ஆனால் சூட்சுமம் உண்டு. யூடியூப் விளம்பரப் பணத்துக்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆட்சென்ஸ் கணக்கு தொடங்க வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஆகவே கணக்கு அண்ணன் பெயரில். அதில் வருவது பெட்ரோலுக்கே காணாது. காசு வேறெங்கோ இருப்பதை அவன் மோப்பம் பிடித்தான். "முதல்ல வர்ற வண்டிய முப்பது பேரு எடுக்கான், அண்ணாச்சி. அஞ்சாவது வண்டிக்காரரும் வருசம் பூரா பருத்திக்கொட்டை போட்டுத்தான வளத்திருக்காரு?" பரிசுக் கொடி வாங்காத வண்டிகளைத் தேடிப் பின்தங்கி எடுத்து, ஒவ்வொரு உரிமையாளருக்கும் அவரவர் ஓட்டத்தை மட்டும் வெட்டி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஏற்ற அளவில் கொடுப்பான். அமெரிக்கக் குதிரைக் காட்சிகளில் சவாரிக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் சுற்றை எடுத்து விற்பது காலங்காலமாக உள்ள தொழில். குறுக்குச்சாலைப் பக்கத்துப் பையனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொரு நாள் பந்தயம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நாலாவதாக வந்த குதிரைக்காரர், வெள்ளை மீசை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து அவன் பக்கத்தில் குனிந்தார்.

"அந்த ஓடைப்பாலத்துக்கிட்ட அஞ்சாவது வண்டிய ஒதுக்குனாம்லா, அத மட்டும் போடு தம்பி."

போட்டான். இருபது விநாடிதான் இருக்கும்.

"இன்னொருக்க."

மறுபடி போட்டான். போனில் சார்ஜ் ஏழு சதவீதம் காட்டியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவே இல்லை.