மாறலாமா வேண்டாமா? வீடியோக்கள் கேட்காத கேள்வி

போன மாதம் ஐயங்கார்குளம் போயிருந்தபோது சித்தப்பா பையன் பிடித்துக்கொண்டான். பத்து வருஷமாக ஆண்ட்ராய்டு வைத்திருப்பவன். இப்போது ஐபோனுக்குக் காசு சேர்த்துவிட்டான். "அண்ணா, நீ சாப்ட்வேர்லதானே இருக்க, சொல்லு. மாறலாமா?" ஏழெட்டு ஒப்பீட்டு வீடியோக்களையும் அனுப்பினான். ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். இந்தப் பதிவு அவற்றைப் பற்றிய என் விமர்சனம்.

எல்லாம் ஒரே அச்சு. கேமரா, பேட்டரி, கேம் ஆடினால் சூடாகிறதா, எத்தனை வருஷம் அப்டேட் வரும், கடைசியில் மதிப்பெண். சொன்ன தகவல் தப்பில்லை. முதல் தடவை போன் வாங்குகிறவருக்கு இது போதும். ஆனால் பத்து வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவர் கேட்பது வேறு: பழைய வீட்டிலிருந்து எதையெல்லாம் தூக்கி வர முடியும்? புது வீடு ஒத்துவராவிட்டால் திரும்பி வர முடியுமா? இந்த ரெண்டையும் ஒரு வீடியோகூடத் தொடவில்லை.

இது ஏன் முக்கியம் என்று நம்ம பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தி ஆரம்பித்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியனை ஓரங்கட்டி, விண்டோஸ் போனுக்குப் போவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் அதன் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. அந்த நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அங்கே செய்தது பெரும்பாலும் பட்டன் போன்கள்தான், மூடியதற்குக் காரணங்களும் பல. ஆனாலும் ஸ்மார்ட்போன் போட்டியில் நோக்கியா பின்தங்கியதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பயனர்கள் கதி? சிம்பியனில் வாட்ஸ்அப் 2017 ஜூனோடு நின்றது. விண்டோஸ் போன்களில் 2019 டிசம்பரோடு நின்றது. "மாறலாமா?" என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மாறித்தான் ஆகணும்.

நானும் அப்படி மாறியவன்தான். எங்க ஊர் நடவாவிக் கிணற்றில் சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீரை இறைத்தால்தான் உள்ளே இருக்கும் மண்டபத்தில் நடமாட முடியும். மூணு வருஷம் அந்தச் சமயத்தில் போய் தூண் அளவுகள், சிற்பங்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் போனில் ஒரு சின்னக் குறிப்புச் செயலியில் எழுதி வைத்தேன். அதிலிருந்து வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. இல்லை என்று போனை மாற்றும்போதுதான் தெரிந்தது. போட்டோக்கள் தப்பின; ஜேபெக் கோப்பு எந்த போனிலும் திறக்கும். எழுதியது போச்சு. தூண்களை மறுபடி அளக்கலாம். எனக்குக் கதை சொன்ன பெரியவர்களில் ஒருவர் இப்போது இல்லை.

வெளியே போக வழி வைப்பது ஒன்றும் முடியாத காரியமில்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, எண்ணை மாற்றாமலே சிம் நிறுவனத்தை மாற்ற முடிகிறது. ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டதால் வந்தது அது. 2016-இல் வந்த யுபிஐயும் அப்படித்தான்: பணம் வங்கியில் இருக்கிறது, செயலி வெறும் கதவு. புது போனில் சிம்மைப் போட்டு, எஸ்எம்எஸ் சரிபார்ப்பு முடிந்தால் வேலை நடக்கும்.

இந்த அளவுகோலை வைத்து மற்றதைப் பாருங்கள். தொடர்பு எண்களும் போட்டோக்களும் பெரிய சிக்கல் இல்லாமல் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய செயலிகளை அங்கே போய் பெரும்பாலும் மறுபடி வாங்கணும். தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் ஐபோனிலேயே 2013 முதல் இருக்கின்றன; ஆனால் பழைய விசைப்பலகை உங்களிடம் கற்ற சொற்கள் கூட வராது. வாட்ஸ்அப் காப்புப்பிரதி இங்கே கூகுள் டிரைவில், அங்கே ஐகிளவுடில். ஒன்றை மற்றது படிக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு அரட்டைகளைக் கொண்டுபோக 2022 ஜூனில்தான் அதிகாரபூர்வ வழியே வந்தது.

"சுதேசி ஓஎஸ் வந்தா சரியாயிடும்ல?" என்று தம்பி கேட்டான். 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளர்த்தெடுத்த நிறுவனம் பாரோஸை அறிவித்தது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின்மேல் கட்டியது, முன்கூட்டித் திணித்த செயலிகள் இல்லாதது. நல்ல முயற்சி. ஆனால் நாம் பயன்படுத்தும் செயலிகள் பலவும் கூகுளின் சேவைகளை நம்பி எழுதப்பட்டவை. பூட்டு ஓஎஸ்ஸில் மட்டும் இல்லை. அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது.

கடைசியில் தம்பிக்குச் சொன்னது இதுதான். தாராளமா மாறு. ஐபோன் மோசமில்லை. 2022-இலிருந்து புது மாடல்களையே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பூட்டுகிறார்கள். நம்ம ஊர் சரக்குதான். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கு. இழந்தால் திரும்பக் கிடைக்காதது எது என்று பட்டியல் போடு. ஒவ்வொன்றையும் எந்தக் கணினியிலும் திறக்கிற கோப்பாக வெளியே எடு. எடுக்க முடியாத செயலியில் இனிமேல் புதுசா எதையும் சேர்க்காதே. ஐபோனுக்குப் போன பிறகும் இதே விதிதான்.

அவன் இன்னும் போன் வாங்கவில்லை. பட்டியலில் முதலில் எழுதியது எங்க பாட்டி குரல். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் வாட்ஸ்அப் குரல் செய்திதான். ஆண்ட்ராய்டில் அதெல்லாம் ஒரு ஃபோல்டரில் ஓபஸ் கோப்புகளாகக் கிடக்கும். போன வாரம் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு எனக்கும் ஒரு பிரதி கொடுத்தான். கேட்டுப் பார்த்தேன். பாதி செய்தியில் "சாப்ட்டியா?" மட்டும்தான்.