ஒத்தப் பிக்சலும் 63 டெசிபெலும்

மங்கலான, இரைச்சல் ஏறிய படங்களைச் சரிசெய்யும் முறைகளைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரே வரிசைதான்: பழுதான படம், ஃபில்டர், சுத்தமான படம், கடைசியில் பிஎஸ்என்ஆர் என்று ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணோடுதான் எனக்குச் சண்டை.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். கேமரா தருவது மங்கல் கலந்து, அதன்மேல் இரைச்சலும் சேர்ந்த படம். மங்கலை மட்டும் நேராகத் திருப்பிப் போட்டால் இரைச்சல் பல மடங்கு பெருகிவிடும். அதனால ஒவ்வொரு முறையும், உண்மைப் படம் இப்படித்தான் இருக்கும்னு ஒரு யூகத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. 1992-ல் ருடின், ஓஷர், ஃபடேமி தந்த டோட்டல் வேரியேஷன் முறைக்கு, படம் என்பது சமமான பரப்புகளும் கூர்மையான விளிம்புகளும். எளிய மீடியன் ஃபில்டருக்கு, எந்தப் பிக்சலும் அக்கம்பக்கத்தை ஒத்தே இருக்கணும்.

திருச்சுழி பக்கம் கரிசக்காட்டு நடுவில் வெள்ளையடித்த ஒரு மோட்டார் ரூம் இருக்குன்னு வைங்க. செயற்கைக்கோள் படத்தில் அது ஒரே பிக்சல்: மதிப்பு 200. சுற்றி எட்டும் 20. ஒன்பதையும் வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்தால் 20. மோட்டார் ரூம் காலி.

மதிப்பெண் என்ன சொல்லும்? 1000-க்கு 1000 பிக்சல் படத்தில் இந்த ஒரு தப்புக்குச் சராசரி வர்க்கப் பிழை 0.0324. பிஎஸ்என்ஆர் சுமார் 63 டெசிபெல். 40 வந்தாலே பிரமாதம் என்கிற துறை இது!

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2019 செப்டம்பரில் நிலவில் மோதிய விக்ரம் லேண்டரைத் தேடி, நாசா தன் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த படத்தை வெளியிட்டது. மதுரைக்காரரான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, சிதறலின் முதல் தடயத்தைக் கண்டுபிடித்தார். பிக்சலுக்கு 1.3 மீட்டர் அளவிலான அந்தப் படத்தில் அவர் கண்டது ஒரே ஒரு வெளிச்சப் பிக்சல். முக்கிய மோதல் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கில் இருந்தது. டிசம்பரில் நாசா உறுதி செய்தது. அந்தப் படத்தை யாராவது மீடியனில் 'சுத்தம்' செய்திருந்தால், முதலில் போயிருப்பது அந்தப் பிக்சல்தான்.

நிலா வரைக்கும் போக வேண்டாம். பழைய பத்திரத்தை மொபைலில் ஸ்கேன் பண்ணி 'கிளீன்' பண்றோம். 'க்' மேல இருக்கிற புள்ளியும், 'ஏக்கர் 1.25'-ல இருக்கிற புள்ளியும் ஃபில்டர் கண்ணுக்குத் தூசிதான்.

முறைகளே வேண்டாம்னு சொல்லவில்லை. 1990-ல் ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடிக் குறை தெரிந்தபின், 1993-ல் பழுது நீக்கும் வரை ரிச்சர்ட்சன்-லூசி போன்ற கணக்குகள்தான் கைகொடுத்தன. ஆனால் அங்கே மங்கலின் வடிவம் என்னன்னு தெரிந்திருந்தது.

2005-ல் புவாடெஸ், கோல், மோரெல் மூவரும் ஒரு நல்ல பழக்கத்தை முன்வைத்தார்கள்: மூலப் படத்திலிருந்து சுத்தமான படத்தைக் கழித்து, மிச்சத்தைப் பாருங்கள். அதில் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தால் சரி. கோடோ, எழுத்தோ, புள்ளியோ தெரிந்தால் ஃபில்டர் தன் வேலையை மீறிவிட்டது என்று அர்த்தம். ஒரு வரி நிரல்தான். அடுத்த முறை 'முன், பின்' என்று இரண்டு படம் காட்டினால், அந்த மூன்றாவது படத்தையும் கேளுங்க. மூலத்தை மட்டும் அழிச்சிடாதீங்க.