ஸ்கிட் ஸ்டியர் லோடருக்குப் பெரிய பம்ப்: யாருக்கு லாபம்?

பாப்கேட் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: “மண் அள்ள வண்டி அருமை. டிரெஞ்சர் மாட்டினால்தான் திணறுது.” அதற்கு அவர்கள் தேடும் மருந்து பெரிய ஹைட்ராலிக் பம்ப். கோவை குறிச்சி சிட்கோவில் ஒரு பட்டறையில், 49 எச்.பி. இன்ஜின் கொண்ட பழைய ஸ்கிட் ஸ்டியர் லோடருக்கு அதைப் பொருத்தி, வேலையிடத்தில் ஓட்டிப் பார்த்தோம்.

மாற்றியது எதை?

சக்கரங்களைச் சுழற்றும் பிஸ்டன் பம்ப்கள் இரண்டும் தனி. அவற்றின் பின்னால் கோத்திருக்கும் கியர் பம்ப்தான் ஆர்ம், பக்கெட், அட்டாச்மென்ட் மூன்றுக்கும் ஆயில் தள்ளுகிறது. அதைத்தான் மாற்றினோம். பழையது ஒரு சுற்றுக்கு 28 சி.சி.; புதியது 38 சி.சி. இன்ஜின் 2400 ஆர்.பி.எம்.மில் ஓடினால், கணக்குப்படி நிமிடத்துக்கு 67 லிட்டர் வந்த இடத்தில் இனி 91 லிட்டர்.

கழற்றுவதற்கு முன் மெக்கானிக் ஃப்ளோ மீட்டரை மாட்டினார். லோடு இல்லாதபோது 64 லிட்டர் காட்டிய பழைய பம்ப், 200 பார் அழுத்தம் ஏறியதும் 50 லிட்டருக்குக் கீழே போய்விட்டது. உள்ளே தேய்ந்துபோய், ஆயில் பின்னோக்கிக் கசிகிறது. “அண்ணா, பாதி வியாதி இங்கேயேதானுங்க இருக்குது” என்றார் ஓனரிடம். இப்படிப்பட்ட வண்டிக்கு அதே அளவில் புதுப் பம்ப் போட்டாலே இழந்த வேகம் திரும்பிவிடும். ஃப்ளோ மீட்டர் வைக்காமல் பெரிய பம்ப்புக்குப் பணம் கொடுக்கவே கூடாது.

கூடவே மாற வேண்டியவை

ஃபிளேஞ்ச் அளவு, ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, சுழலும் திசை மூன்றும் பொருந்தினால் பம்ப் உட்கார்ந்துவிடும். ஹோஸ்கள்தான் பெரிய வேலை. லோடில் புதுப் பம்ப் கொடுக்கும் 86 லிட்டரை அரை இஞ்ச் பிரஷர் ஹோஸில் தள்ளினால் ஆயிலின் வேகம் வினாடிக்கு 11 மீட்டரைத் தாண்டுகிறது; முக்கால் இஞ்ச் போட்டால் 5 மீட்டரில் நிற்கிறது. கப்ளிங்கையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டும். டேங்கிலிருந்து வரும் சக்ஷன் ஹோஸ் சிறியதாக இருந்தால், சரளைக்கல் அரைபடுவதுபோல் பம்ப் சத்தம் போடும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் புதுப் பம்ப்பும் சீக்கிரம் அரித்துப்போகும்.

களத்தில் எப்படி?

200 பார் அழுத்தத்திலும் புதுப் பம்ப் 86 லிட்டர் கொடுத்தது. பலன் டிரெஞ்சரில் உடனே தெரிந்தது. சுக்கான் கல் கலந்த மண்ணில் முன்பு நின்று நின்று சுழன்ற செயின், இப்போது ஒரே சீராக வெட்டியது. ரோடு பெருக்கும் ஸ்வீப்பரும் நன்றாகவே வேகம் எடுத்தது.

பக்கெட்டைப் பொறுத்தவரை ஆர்ம் சீக்கிரம் ஏறுகிறது, அவ்வளவுதான். தூக்கும் எடை ஒரு கிலோகூடக் கூடாது. அதை முடிவு செய்வது ரிலீஃப் வால்வின் அழுத்தமும், சிலிண்டரின் அளவும், வண்டி முன்னால் கவிழும் எல்லையும். எடை தூக்க வேண்டும் என்று ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. ஹோஸ் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்பிக்க வழியில்லை.

பிரேக்கரில் இன்னும் கவனம் தேவை. ஒவ்வொரு பிரேக்கருக்கும் இத்தனை லிட்டர்தான் என்று எல்லை உண்டு. அதை மீறினால் சீலும் டயாஃப்ரமும் போய்விடும். ஃப்ளோவைக் குறைக்க வழி வைக்காமல் பிரேக்கரை மாட்டக் கூடாது.

இன்ஜினும் சூடும்

லிட்டரை பாரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 86 லிட்டர், 200 பார் என்றால் ஏறக்குறைய 29. பம்ப்பின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 32. இன்ஜினின் மொத்த சக்தியே சுமார் 36. முழு லோடில் சக்கரங்களுக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஊர்ந்துகொண்டே வெட்டும் டிரெஞ்சருக்கு அது போதும். லோடோடு மேடேறவும் வேண்டும் என்றால் இன்ஜின் திணறும்.

ஆயில் சூடுதான் முக்கியமான குறை. பழைய கூலரோடு மதிய வெயிலில் தொடர்ந்து வெட்டியபோது ஆயில் 80 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனது. ஃபேன் வைத்த பெரிய கூலர் போட்ட பிறகுதான் அடங்கியது. ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் இளகி, பம்ப்புக்குள் கசிவு கூடும். வாங்கிய லிட்டர் அங்கேயே போய்விடும்.

முடிவு

டிரெஞ்சர், ஸ்வீப்பர், ரோடு சுரண்டும் பிளேனர் என்று மோட்டாரால் சுழலும் அட்டாச்மென்ட்களில் வருமானம் பார்ப்பவர்கள், ஹோஸ், கப்ளிங், கூலர் எல்லாவற்றையும் சேர்த்தே பட்ஜெட் போட்டு இதைச் செய்யலாம். உழைப்புக்கு நல்ல பலன் உண்டு. மண் அள்ளுவதும் பிரேக்கர் அடிப்பதுமே வேலை என்றால் அதே 28 சி.சி. பம்ப்பைப் புதிதாகப் போட்டு, மிச்சப் பணத்தில் ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றுங்கள். பெரிய பிளேனரை நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு இந்த மாற்றம் போதாது; தொழிற்சாலையிலிருந்தே ஹை ஃப்ளோவோடு வரும், பெரிய இன்ஜின் கொண்ட வண்டிதான் அவர்களுக்குச் சரி.